கேமராவைக் கரையில் வைத்துவிட்டுப் படகேறுங்கள்: புகைப்படத்திலிருந்து எழுத்துக்கு வருவோருக்கு ஒரு வழிகாட்டி

பினாங்கில் 22 ஆண்டுகள் திருமணம், காதணி விழா, கோயில் திருவிழா என்று கேமராவும் கையுமாகத் திரிந்தவன் நான். வேலை இல்லாத நாள்களில் தெலுக் பகாங் துறைக்குப் போய், கிடைத்த படகில் ஏறிக் கடலைச் சுற்றிவருவது என் வழக்கம். இப்போது படம் எடுப்பதைத் தொழிலாகச் செய்வதில்லை. படகுகளைப் பற்றியும் அவற்றில் பிழைப்பவர்களைப் பற்றியும் எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னைப் போலவே கேமராவை விட்டு எழுத்துக்கு வர நினைக்கும் நண்பர்கள் சிலர், எங்கே தொடங்குவது, எதை எழுதுவது, கடலுக்குப் போனால் எதைப் பார்ப்பது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக, நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டவற்றை வரிசைப்படுத்தி இங்கே தருகிறேன்.

படிகளுக்குப் போவதற்கு முன், என்னை எழுத வைத்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். தெலுக் பகாங்கில் ஒரு மலாய்ப் படகோட்டியை நான் ஆறேழு ஆண்டுகள் படம் எடுத்திருக்கிறேன். இஞ்சினைக் கிளப்பியதும் அவர் தலையைத் திருப்பிப் பின்பக்கம் குனிந்து பார்ப்பார். காலை வெளிச்சம் அவருடைய கன்னத்தில் சாய்வாக விழும் அந்த நொடிக்காகவே நான் காத்திருப்பேன். அவர் கடலைப் பார்க்கிறார் என்றே நினைத்திருந்தேன். ஒரு கண்காட்சியில் அந்தப் படத்துக்குக் கீழே அப்படியே எழுதியும் வைத்தேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒருநாள், கேமரா இல்லாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவர் எதைப் பார்க்கிறார் என்று கேட்டேன். இஞ்சினின் பக்கவாட்டிலிருந்து சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு நீர்த்தாரை பீய்ச்சிக்கொண்டிருந்தது. கடல்நீரை உறிஞ்சி இஞ்சினைக் குளிர்விக்கும் பம்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அந்தத் தாரைதான் அடையாளம். அது வரவில்லையென்றால் உள்ளே நெகிழிப் பையோ சேறோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்; கவனிக்காமல் ஓட்டினால் சிறிது நேரத்தில் இஞ்சின் சூடேறிக் கெட்டுவிடும், படகும் நடுக்கடலில் நின்றுவிடும்.

ஆறேழு ஆண்டுகளாக நான் அந்தப் பார்வையைப் படம் பிடித்திருக்கிறேன். அது எதன்மேல் விழுகிறது என்பது என் சட்டகத்துக்கு வெளியே இருந்திருக்கிறது. புகைப்படக்காரர் எழுத வரும்போது கற்றுக்கொள்ள வேண்டியது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான். நமக்குப் பார்க்கத் தெரியும். பார்த்ததற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று கேட்கும் பழக்கம்தான் நமக்கு இல்லை. ஷட்டரை அழுத்தியவுடன் நம் வேலை முடிந்துவிடும் என்று கை பழகியிருக்கிறது. கீழே உள்ள படிகள் அந்தப் பழக்கத்தை மாற்றுவதற்கானவை.

முதற்படி: ஒரே ஒரு நீர்வழியைத் தேர்ந்தெடுத்துத் திரும்பத் திரும்பப் போங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தீவு தீவாகப் போய் எழுத ஆசைப்படுகிறார்கள். வேண்டாம். பெருநிலத்திலுள்ள பட்டர்வொர்த்துக்கும் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனுக்கும் இடையே ஓடும் ஃபெர்ரியில் தொடங்குங்கள். ஏறத்தாழ 3 கிலோமீட்டர் அகலமுள்ள நீர், பத்துப் பதினைந்து நிமிடப் பயணம், செலவும் குறைவு, எந்த முன்பதிவும் தேவையில்லை. நூறாண்டுக்கு மேலாக மக்கள் வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் போய்வந்த வழி அது. நம்மில் பலர் குழந்தையாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடந்த வழியும் அதுவே. பழைய இரட்டைத் தட்டுப் படகுகள் 2020-ஆம் ஆண்டு இறுதியோடு பயணிகளை ஏற்றுவதை நிறுத்திக்கொண்டன. 2023 ஆகஸ்டு முதல் நான்கு புதிய படகுகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் 250 பயணிகளையும் 50 மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றக்கூடியது. கார்கள் இப்போது ஃபெர்ரியில் ஏறுவதில்லை. பழைய ஃபெர்ரியில் கார்களுக்கு நடுவே நின்று பயணம் செய்த நினைவு உங்களுக்கு இருந்தால், அந்த வேறுபாடு ஒன்றே உங்கள் முதல் கட்டுரைக்குப் போதுமான பொருளாகும்.

பத்து முறை கடந்துபோங்கள். ஒரே நாளில் அல்ல. வெவ்வேறு கிழமைகளில், வெவ்வேறு பொழுதுகளில். கேமராவை வீட்டில் வைத்துவிடுங்கள், கைப்பேசியையும் பைக்குள் போட்டுவிடுங்கள். முதல் இரண்டு மூன்று பயணங்களில் கை பரபரக்கும். கொம்தார் கட்டடத்துக்குப் பின்னால் மலை எழும் இடத்தைப் பார்த்ததும் மனம் தானாகவே சட்டகம் போடும். அதைத் தடுக்க முயலாதீர்கள். மனத்தில் சட்டகம் விழுந்தவுடன், அதற்கு இடப்புறம் வெட்டுப்பட்டது என்ன, வலப்புறம் வெட்டுப்பட்டது என்ன, உங்கள் முதுகுக்குப் பின்னால் நடப்பது என்ன என்று மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். என் ஐந்தாவது பயணத்தில் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தபோது, தலைக்கவசத்தைக் கழற்றாமலே மோட்டார் சைக்கிள்மேல் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்த இரவு வேலைக்காரர்கள் ஆறேழு பேரைக் கண்டேன். படகு துறையை முட்டும் அந்த மெல்லிய அதிர்வில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கண்விழித்தார்கள். அத்தனை ஆண்டுகளில் அந்தப் பக்கம் என் லென்ஸ் ஒருமுறைகூடத் திரும்பியதில்லை.

இரண்டாம் படி: குறிப்பேட்டை முதல், கரு, உரி என்று பிரித்துக்கொள்ளுங்கள்

குறிப்பெடுப்பதற்கு மேல்நாட்டு முறைகள் பலவற்றைப் படித்துப் பார்த்தேன். கடைசியில் எனக்குக் கைகொடுத்தது நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த திணை இலக்கணம்தான். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் உள்ள உயிர்கள், உணவு, தொழில், கருவிகள் முதலியன கருப்பொருள். அங்கு வாழ்வோரின் உள்ளத்தில் நிகழ்வது உரிப்பொருள். இதைவிடச் சிறந்த குறிப்பேட்டு முறையை நான் இதுவரை கண்டதில்லை.

குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகக் கோடிட்டுக்கொள்ளுங்கள். மேலே இடம், நாள், மணி, காற்றின் திசை, நீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்பவற்றை எழுதுங்கள். நடுவே பொருள்களை எழுதுங்கள்: கயிறு என்ன நிறம், எத்தனை முடிச்சு, படகின் அடியில் என்ன கிடக்கிறது, என்ன மணக்கிறது, யார் என்ன சாப்பிடுகிறார்கள். கீழே, மனிதர்கள் சொன்ன சொற்களையும் செய்த செயல்களையும் எழுதுங்கள். இங்கே ஒரு கட்டுப்பாடு வேண்டும்: கீழ்ப்பகுதியில் 'சோகமாக இருந்தார்', 'மகிழ்ச்சியாக இருந்தார்' என்று எழுதக் கூடாது. அவர் என்ன செய்ததால் உங்களுக்கு அப்படித் தோன்றியது என்பதை எழுத வேண்டும். 'துடுப்பை இரண்டு முறை நீரில் கழுவினார், பிறகும் கீழே வைக்கவில்லை' என்று எழுதி வைத்திருந்தால், ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் அந்த மனிதர் கண்முன் வந்து நிற்பார்.

நடுப்பகுதியை நிரப்புவது புகைப்படக்காரருக்கு எளிது. மேல்பகுதிதான் வெறுமையாகக் கிடக்கும், ஏனென்றால் காற்றையும் நீரோட்டத்தையும் நாம் ஒளியின் வழியாகத்தான் அறிந்திருக்கிறோம். நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது கதிரவன் சாயும் நேரம். ஆனால் ஜார்ஜ் டவுனின் வெல்ட் கீ கரை கிழக்கு நோக்கியது. அங்கே கதிரவன் கடலில் விழுவதில்லை, காலையில் பெருநிலத்துக்கு மேலே எழுகிறது. கடலில் எற்பாட்டைப் பார்க்க விரும்பினால் பத்து ஃபெரிங்கி பக்கம் போக வேண்டும். எந்தக் கரை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைக்கூடக் குறித்துக்கொள்ளாமல் எழுதிய ஒருவர், வெல்ட் கீயில் அந்திச் சூரியனைக் கடலில் மூழ்கடித்ததைப் படித்திருக்கிறேன். உள்ளூர் வாசகர் அந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிடுவார்.

மூன்றாம் படி: கடலின் கடிகாரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப்போனால் எழுத்தும் கெடும், உயிருக்கும் ஆபத்து உண்டு. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பினாங்குக் கடல் ஒரு நாளில் இருமுறை ஏறும், இருமுறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். எனவே இன்று காலை 7 மணிக்கு நீர் நிறைந்திருந்தால், நாளைக் காலை அதே நிறைவு ஏறத்தாழ 7.50-க்குத்தான் வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் மிக உயர்ந்து மிகத் தாழும். அந்நாள்களில் இரண்டுக்கும் இடைப்பட்ட உயரம் ஏறத்தாழ 2 மீட்டர் இருக்கும். அட்டமியை ஒட்டிய நாள்களில் அந்த வேறுபாடு குறைந்துவிடும். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில் திதி அச்சிட்டிருக்கிறதே, அதைப் பார்த்தே இந்தக் கணக்கைத் தோராயமாகப் போட்டுவிடலாம். துல்லியமான மணியும் உயரமும் வேண்டுமென்றால், தேசிய நீரளவியல் மையம் ஆண்டுதோறும் வெளியிடும் ஏற்றவற்ற அட்டவணையைப் பாருங்கள். மலாய்க்காரர்கள் ஏற்றத்தை 'ஆயிர் பாசாங்' என்றும் வற்றத்தை 'ஆயிர் சூருட்' என்றும் சொல்வார்கள். துறையில் இந்த இரண்டு சொற்களும் காதில் விழாத நாளே இருக்காது.

தீவின் தென்கரையில் ஓர் ஆற்று முகத்தில், நண்பரிடம் இரவல் வாங்கிய கயாக்கில் நான் தனியாகப் போனது ஒரு பௌர்ணமிக்கு மறுநாள். போகும்போது சதுப்பு மரங்களின் வேர்கள் நீருக்குள் மூழ்கிக் கிடந்தன. கொக்குகளைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டேன். திரும்பியபோது வேர்கள் முழங்கால் உயரத்துக்கு வெளியே தெரிந்தன; இன்னும் கால் மணி நேரத்தில் படகின் அடி சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இறங்கித் தள்ளலாம் என்று காலை வைத்தேன், முழங்கால் வரை இறங்கியது, செருப்பு அங்கேயே போயிற்று. நான்கு மணி நேரம் வெயிலில், அரைப் போத்தல் தண்ணீரோடு நீர் திரும்பி வரும்வரை உட்கார்ந்திருந்தேன். அன்று சுவரிலிருந்த நாள்காட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் போதும்.

காற்றைப் பொறுத்தவரை, நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றும், மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும் வீசும். இடைப்பட்ட மாதங்களில் பிற்பகல் இடிமழை மிகுதி. புதியவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது 'சுமத்ரா' என்று இங்கே அழைக்கப்படும் திடீர்ப் புயற்காற்று வரிசை. மலாக்கா நீரிணையில் உருவாகி, பெரும்பாலும் விடியற்காலைக்கு முன்னும் காலையிலும் மேற்குக் கரையைத் தாக்கும். தென்மேற்குப் பருவக்காலத்திலும் அதையொட்டிய மாதங்களிலும் இது அடிக்கடி வரும். மேற்கே அடிவானத்தில் ஒரு கரிய மேகக் கோடு நீளமாகத் தெரிந்தால், படகோட்டி சொல்வதற்கு முன்பே கரைக்குத் திரும்பச் சொல்லுங்கள். புறப்படுவதற்கு முன் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் 'மைசுவாச்சா' (myCuaca) செயலியில் பலத்த காற்று, கொந்தளிப்பு எச்சரிக்கை உண்டா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

சிறு படகில் ஏறினால் உயிர்காப்புச் சட்டையை அணிந்துகொள்ளுங்கள். இருக்கைக்கு அடியில் வைத்திருப்பது அணிவதாகாது. எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கைப்பேசியை நீர்புகாப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ஆபத்து என்றால் அழைக்க வேண்டிய எண் 999. குறிப்பேட்டையும் அப்படியே பாதுகாக்க வேண்டும். மைப்பேனா வேண்டாம், பென்சில் போதும். ஈரத்தில் மை கரையும், பென்சில் எழுத்து நிற்கும்.

நான்காம் படி: பொருளின் பெயரைக் கேட்டு எழுதுங்கள்

படத்தில் ஒரு பொருளுக்குப் பெயர் தெரியாமலே அதை அழகாகக் காட்டிவிடலாம். எழுத்தில் அது முடியாது. 'படகின் முன்பகுதி', 'படகின் பின்பகுதி' என்று மூன்று பக்கம் எழுதிய பிறகுதான், தமிழகக் கடலோர மீனவர்கள் முன்பகுதியை அணியம் என்றும் பின்பகுதியை அமரம் என்றும் சொல்வார்கள் என்பதை அறிந்துகொண்டேன். காற்றுக்கும் அவர்களிடம் திசைவாரியாகப் பெயர்கள் உண்டு: வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். இந்தச் சொற்களைப் பினாங்குக் கடலுக்கு அப்படியே பூசிவிடக் கூடாது என்பதே என் கருத்து. இங்குள்ள படகோட்டி மேற்குக் காற்றை 'ஆங்கின் பாராட்' என்று சொன்னால், உரையாடலில் அவர் சொன்னதையே எழுதுங்கள். உங்கள் சொந்த வருணனையில் கச்சான் என்ற சொல் இயல்பாக அமைந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மலேசியத் தமிழில் கடல்வழியாக வந்து தங்கிய சொற்கள் பல. தொங்கான் (சரக்குப் படகு), சம்பான் (சிறு மரப்படகு) ஆகியவற்றை நம் தாத்தாமார் அகராதி பார்க்காமலே பேசினார்கள். சரக்குக் கப்பல்கள் துறையைவிட்டுத் தள்ளி நங்கூரமிட்ட காலத்தில், மூட்டைகளைக் கரைக்குக் கொண்டுவந்த படகுகளில் சோழியர் என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் பலர் உழைத்திருக்கிறார்கள். எதிர்த்திசையில் போன சொல்லும் ஒன்று உண்டு. இப்போது ஓடும் புதிய ஃபெர்ரிகள் இரண்டு உடல்களை இணைத்துக் கட்டிய வகையைச் சேர்ந்தவை. அந்த வகையை உலகமே கேட்டமரான் என்கிறது. அது நம்முடைய கட்டுமரம். ஃபெர்ரியில் பக்கத்தில் நின்ற ஒரு சீனப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் அந்தச் சொல்லை நான்கு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் தமிழில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

ஐந்தாம் படி: துடுப்பை நீங்களே பிடியுங்கள்

பயணியாகவே இருந்தால் எழுத்தும் பயணியின் எழுத்தாகவே இருக்கும். ஒரு முறையாவது உங்கள் தோளும் முதுகும் நீரை அறிய வேண்டும். கயாக் வாடகைக்கு எடுத்துக் கரையோரமாகத் துழாவுவது ஒரு வழி. டிராகன் படகுக் குழு ஒன்றில் சேருவது அதைவிட நல்ல வழி. பினாங்கில் 1979 முதல் பன்னாட்டு டிராகன் படகுப் போட்டி நடந்துவருகிறது. பல ஆண்டுகள் அது தெலுக் பகாங் அணையில் நடந்திருக்கிறது. பெரிய படகில் 20 பேர் துழாவ, ஒருவர் முன்னால் முரசறைய, ஒருவர் பின்னால் சுக்கான் பிடிப்பார். முரசுக்குத் துடுப்பு ஒரு நொடி பிந்தினாலும் முன்னால் இருப்பவரின் துடுப்போடு உங்கள் துடுப்பு மோதும். அந்த ஒழுங்கு கைக்கு வந்த பிறகு, எழுதும் வாக்கியத்தில் எங்கே மூச்சு நிற்கிறது என்பதையும் கை கண்டுகொள்கிறது என்பது என் அனுபவம். எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று உறுதி கூற மாட்டேன்.

ஆறாம் படி: மனிதர்களிடம் பேசுங்கள்

கேமரா கையில் இருக்கும்போது பேச வேண்டிய தேவையே நமக்கு வருவதில்லை. தலையசைத்து அனுமதி கேட்டு, எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவோம். எழுதுவதற்கு உட்கார வேண்டும். மலாய்ப் படகோட்டியை வயதுக்கேற்பப் 'பாங்' என்றோ 'பாக்சிக்' என்றோ அழையுங்கள். நம்மவரை அண்ணே, ஐயா என்று அழையுங்கள். முதல் நாளில் குறிப்பேட்டை வெளியே எடுக்காமல் இருப்பது நல்லது. வாடகைப் படகோட்டியின் நேரம் அவருடைய வருமானம். அரை மணி பேச வேண்டுமென்றால் அரை மணிக்குரிய வாடகையைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். 'உங்கள் வாழ்க்கை எப்படி?' என்று கேட்டால் 'பரவாயில்லை' என்பதற்கு மேல் ஒன்றும் வராது. 'இந்த முடிச்சை யார் சொல்லிக்கொடுத்தார்?' என்று கேளுங்கள். கையில் இருக்கும் பொருளைப் பற்றிய கேள்விக்கு மனிதர்கள் மனம் திறந்து பேசுவார்கள்.

வெல்ட் கீ ஓரத்தில் கடலுக்குள் மரக்கால்கள்மேல் கட்டிய சீனக் குடும்பத் துறைகளுக்குப் போனால், அவை மக்கள் குடியிருக்கும் வீடுகள் என்பதை மறவாதீர்கள். பலகை நடைபாதையில் நிற்பது வேறு, திறந்த கதவுக்குள் எட்டிப்பார்ப்பது வேறு.

நம் வீட்டுப் பெரியவர்களை விட்டுவிடாதீர்கள். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்களும், அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகளும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அதற்கும் முன்னால் வந்த தொழிலாளர்கள் பலர் நோய்த்தடுப்புக்காக ஜெரஜாக் தீவில் தங்கவைக்கப்பட்டார்கள். அந்தத் தீவு பின்னர் 1969 முதல் 1993 வரை சிறைச்சாலையாகவும் இருந்தது. பினாங்குப் பாலத்தில் காரில் போகும்போது பக்கத்தில் தெரியும் அந்தப் பசுமையான தீவைக் கடந்து செல்லும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பெரியவர்களிடம் கேட்கும்போது ஆண்டையும் தேதியையும் கேட்டு நெருக்காதீர்கள். கப்பலில் என்ன சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள், தண்ணீர் எப்படிக் கிடைத்தது என்று கேளுங்கள். ஆண்டுகளை நாம் பிறகு நூலகத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்; அவர் படுத்த பாயின் ஈரத்தை எந்த நூலகமும் சேர்த்து வைக்கவில்லை.

ஏழாம் படி: பழைய படங்களைச் சான்றாகப் பயன்படுத்துங்கள்

மற்ற எழுத்தாளர்களிடம் இல்லாத ஒரு செல்வம் நம்மிடம் உண்டு. டிஜிட்டல் படம் ஒவ்வொன்றும் தன்னுள்ளே நாளையும் மணியையும் பதிந்து வைத்திருக்கிறது. கேமராவின் கடிகாரம் சரியாக இருந்திருந்தால், அந்த மணியை ஏற்றவற்றக் கணக்கோடு ஒப்பிட்டு, அன்று நீர் எவ்வளவு உயர்ந்திருந்தது என்பதைக்கூடக் கண்டுபிடிக்கலாம். படச்சுருள் காலத்துப் படங்களின் பின்புறத்தில் யாராவது மணி எழுதியிருந்தால், ஒரு செய்தியை நினைவில் வையுங்கள்: 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டது. அதற்கு முந்திய குறிப்பில் காலை 6.45 என்றிருந்தால், ஒளி இன்றைய 7.15-க்கு உரிய ஒளி.

பழைய படத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு அதையே வருணிக்கத் தொடங்கிவிடாதீர்கள். படத்தைக் கவிழ்த்து வையுங்கள். அதை எடுப்பதற்கு முந்திய பத்து நிமிடங்களை எழுதுங்கள். தெலுக் பகாங் சிங்கமுகக் காளியம்மன் ஆலய மாசி மகத்தில் அம்மன் தெப்பம் கடலில் இறங்கும் படம் என்னிடம் நூற்றுக்கு மேல் இருக்கிறது. விளக்குகளும் அலைகளும் எல்லாப் படங்களிலும் ஒன்றுபோல்தான் இருக்கின்றன. கவிழ்த்து வைத்து எழுதியபோதுதான், இடுப்பளவு நீரில் நின்று தெப்பத்தைப் பிடித்திருந்த இளைஞர்கள் ஒவ்வோர் அலைக்கும் 'ஏறுது, ஏறுது' என்று குரல் கொடுத்து ஒன்றாகக் குதிகாலில் எழுந்தது நினைவுக்கு வந்தது.

ஓர் எச்சரிக்கை: 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு உடன்பாடு இல்லையென்றால் அவரையே சேரும். அத்தகைய படங்களைக் கட்டுரையோடு வெளியிடுவதற்கு முன் அவர்களிடம் ஒப்புதல் பெறுங்கள்.

எட்டாம் படி: எழுதுங்கள், பிறகு படக்குறிப்புகளை நீக்குங்கள்

முதல் கட்டுரை 600 சொற்களுக்கு மேல் போக வேண்டாம். ஒரு பயணம், ஒரு படகு, ஒரு மனிதர் போதும். எழுதி முடித்துவிட்டு இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, இதை ஒரு படத்துக்குக் கீழே ஒட்டினால் பொருந்துமா என்று பாருங்கள். பொருந்துமென்றால் அது படக்குறிப்பு. எனது முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"பொன்னிறக் கதிர்கள் கடல்மீது தவழ, தொலைவில் ஒரு தனிப்படகு அசையாமல் நின்றது. அதன் விளிம்பில் ஒரு மனிதர். அவர் முகத்தில் காலம் வரைந்த கோடுகள்."

இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றும் நடக்கவும் இல்லை. கதிரும் படகும் கோடும் உறைந்து நிற்கின்றன. கேமரா எடுத்ததையே சொற்களால் மறுபடியும் எடுத்திருக்கிறேன். நான்காவது முறை திருத்தியபோது இப்படி வந்தது:

"வெளிச்சம் வருவதற்குள் அவர் இரண்டு முறை கயிற்றை இழுத்துவிட்டார், இஞ்சின் இருமிவிட்டு அடங்கியது. மூன்றாம் இழுப்பில் பிடித்துக்கொண்டதும் திரும்பித் தாரையைப் பார்த்தார். வந்தது, ஆனால் விட்டு விட்டு வந்தது. இஞ்சினை அணைத்து, சட்டைப்பையிலிருந்து ஒரு மெல்லிய கம்பியை எடுத்துத் துளைக்குள் விட்டுக் குத்தினார். துறையில் காத்திருந்த நாங்கள் நால்வரும் கடிகாரத்தைப் பார்த்தோம். அவர் பார்க்கவில்லை."

இங்கே ஒளியைப் பற்றி ஒரு சொல்தான் இருக்கிறது. புகைப்படக்காரருக்கு அதை விட்டுக்கொடுப்பது வலிக்கும், எனக்கும் வலித்தது. ஒளியை முழுவதும் துறக்கச் சொல்லவில்லை, அது யாருடைய வேலையையாவது மாற்றும் இடத்தில் மட்டும் எழுதுங்கள் என்கிறேன். கம்பியைத் துளைக்குள் விட வெளிச்சம் தேவைப்பட்டது, அதனால் வெளிச்சம் அங்கே வந்தது. உவமைகளையும் இப்படியே சோதியுங்கள். கடலைக் கண்ணாடி என்றும் பட்டு என்றும் எழுதுவது கைப்பழக்கம். அன்றைய கடல் அன்று எப்படி இருந்தது என்று குறிப்பேட்டின் மேல்பகுதியில் எழுதியிருப்பீர்களே, அதைப் பாருங்கள்.

திருத்திய கட்டுரையை உரக்கப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியம் நீளமாக இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலும் அங்கே யார் எதைச் செய்தார் என்பது மறைந்திருக்கும்.

ஒன்பதாம் படி: வெளியே கொடுங்கள்

நம் நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகள் இன்னும் உள்ளூர்க் கட்டுரைகளுக்கு இடம் கொடுக்கின்றன. எத்தனை சொற்கள், எந்த எழுத்துரு, படம் தேவையா என்று ஆசிரியர் குழுவிடம் முதலில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். படமும் சேர்த்து அனுப்பினால், கட்டுரையில் உள்ளதையே காட்டும் படத்தை அனுப்பாதீர்கள். தாரையைப் பற்றி எழுதியிருந்தால் துறையின் படத்தைக் கொடுங்கள். ஒரு கட்டுரை திரும்பி வந்தால் அதை அப்படியே வேறிடத்துக்கு அனுப்பாமல், இன்னொரு முறை அந்தப் படகில் போய்வந்து பிறகு திருத்துங்கள்.

அச்சில் வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு, யாரைப் பற்றி எழுதினீர்களோ அவரிடம் போங்கள். தமிழ் படிக்கத் தெரியாதவர் என்றால் அவருடைய மொழியில் வரி வரியாகச் சொல்லுங்கள். நான் தெலுக் பகாங்கில் அப்படிச் சொன்னபோது, 'சட்டைப்பையிலிருந்து' என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். தொப்பியைக் கழற்றிக் காட்டினார். அந்தக் கம்பி தொப்பியின் உள்மடிப்பில் செருகியிருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்குமாம். அன்றைய தேதியிட்டு அதைக் குறிப்பேட்டின் நடுப்பகுதியில் எழுதிக்கொண்டேன். அடுத்த முறை அந்தக் கட்டுரை எங்கு வந்தாலும் அந்தச் சொல் திருத்தப்பட்டிருக்கும். இங்கே உங்களுக்குத் திருத்தாத வடிவத்தைக் காட்டியதற்குக் காரணம், நீங்களும் உங்கள் முதல் கட்டுரையை, அதில் வரும் மனிதரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்பதுதான்.